செந்நிற வீராங்கனை: சீன மௌனப் படங்களின் வாளேந்திய நங்கை

சீன வாட்போர்ப் படங்கள் என்றதும் கிங் ஹூவையும் ஆங் லீயையும் சொல்லி நிறுத்திக்கொள்வது ரஸிகர்களின் வழக்கமாகிவிட்டது. செங் பேய்பேயைக் கதாநாயகியாக்கி 1966-ல் கிங் ஹூ எடுத்த 'என்னுடன் மது அருந்த வா' மகத்தான சிருஷ்டி என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆயினும் அதற்குச் சற்றேறக்குறைய நாற்பதாண்டுகளுக்கு முன்பே, பேசாப் படங்களின் காலத்திலேயே, ஷாங்காய் நகரத்து ஸ்டூடியோக்கள் வாளேந்திய பெண்ணைத் திரையின் நடுவே நிறுத்திவிட்டன என்பதையும், அவ்வகைப் படங்களுள் காலத்துக்குத் தப்பி எஞ்சிய சிலவற்றுள் ஒன்று 1929-ல் வெளியான 'செந்நிற வீராங்கனை' என்பதையும் அறிந்தவர் சிலரே.

அந்த அலையை எழுப்பியது 1928-ல் மிங்ஷிங் ஸ்தாபனத்துக்காக ஜாங் ஷிசுவான் எடுத்த 'செந்தாமரைக் கோயில் தகனம்'. ஷியாங் காய்ரான் தொடராக எழுதிவந்த நாவலைத் தழுவிய அப்படம் பெருத்த லாபம் ஈட்டவே, 1931-க்குள் அது 18 பாகங்களாக வளர்ந்தது. பிற கம்பெனிகளும் போட்டியிட்டு, சில ஆண்டுகளுக்குள் 200-க்கு மேற்பட்ட வீரதீரப் படங்களை எடுத்துத் தள்ளின. வாள்கள் மோதும் கட்டம் வந்ததும் கொட்டகையே போர்க்களம்போல ஆர்ப்பரித்தது என்று எழுத்தாளர் மாவ் துன் எழுதியிருக்கிறார். அவர் அப்படங்களை நிலப்பிரபுத்துவ காலத்து மயக்கம் என்று கண்டித்தவர். அந்தக் கண்டனக்காரரின் வாக்குமூலமே ஜனங்களின் உற்சாகத்துக்கு இன்று நமக்கிருக்கும் சிறந்த சாட்சியம். மூடநம்பிக்கையை வளர்ப்பவை என்று நான்கிங் அரசாங்கத்தின் தணிக்கைக் குழுவும் 1931-ல் அவற்றின்மீது பாய்ந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஷாங்காய்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் பிலிமில் இருந்த அந்தச் செல்வத்தில் பெரும்பகுதி இவ்வாறாக அழிந்தொழிந்தது.

யூலியன் கம்பெனியின் தயாரிப்பில் வென் யீமின் இயக்கிய 'செந்நிற வீராங்கனை'யின் கதை எளியது. கொள்ளைப்படை கிராமத்தைச் சூறையாடுகையில், கண்ணிழந்த பாட்டியைத் தாங்கிக்கொண்டு ஓடுகிறாள் யுன் மேய்; கலைந்தோடும் கூட்டத்தின் காலடியில் பாட்டி மிதிபட்டு மாள, பேத்தி படைத்தலைவனிடம் சிக்குகிறாள். வெண்குரங்கு என்னும் பெயர் பூண்ட மலைத் துறவி அவளை மீட்டு வித்தை கற்பிக்க, மூன்றாண்டுக்குப் பின் அவள் பழிவாங்கத் திரும்புகிறாள். நடுப்பகுதி சற்று இழுவைதான். தலைவனின் அந்தப்புரக் காட்சிகளும் கொச்சையானவை. ஆனால் பாட்டியின் மரணக் காட்சியை யாரும் எளிதில் கடந்துவிட முடியாது. மாயமும் மந்திரமும் நிறைந்த இந்தப் படம், அந்த ஒரு கட்டத்தில், யுத்தப்பிரபுக்களின் படைகள் ஊர் ஊராகச் சூறையாடிய அக்காலச் சீனத்தின் துயரத்தை எவ்வித அலங்காரமும் இன்றி நம்முன் வைக்கிறது. பின்னால் யுன் மேய் புகையோடு தோன்றுவதும், ஒன்றன்மீது ஒன்று பதிந்த இரு பிம்பங்களின் உபாயத்தால் மேகங்களூடே பறப்பதும் அந்தத் துயரத்துக்கு விடையாக அமைவதனால்தான் வெறும் ஜாலமாகத் தோன்றுவதில்லை.

யுன் மேயாக நடித்த ஃபான் ஷுவேபெங்கை நான் விசேஷமாகக் குறிப்பிட விரும்புகிறேன். முற்பகுதியில் அஞ்சி ஒடுங்கும் பேதையாகவும், பிற்பகுதியில் கையசைவிலேயே நிதானம் காட்டும் வீராங்கனையாகவும் ஒரே படத்தில் இரு பிறவி எடுக்கிறார் அவர். இந்தப் பாத்திரம் திடீரென்று முளைத்ததன்று: சிறுமியாகக் கடத்திச் செல்லப்பட்டு, மலையில் துறவியிடம் வாள்வித்தை பயின்று வீடு திரும்பும் நியே யின்னியாங்கின் கதை தாங் வமிச காலத்திலேயே எழுதப்பட்டுவிட்டது; அதே கதையை ஹௌ ஷியாவ்ஷியென் 2015-ல் படமாக்கி, கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருது பெற்றார். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவள் யுன் மேய். கதாநாயகியை மணவறையில் அமர்த்தி முடிப்பதே சம்பிரதாயமாக இருந்த காலத்தில், அவளோ தான் மீட்ட மற்றொரு பெண்ணைத் தன் மைத்துனனுக்கு மணம் பேசி முடித்துவிட்டு, அவர்கள் பார்த்திருக்கும்போதே மறைந்து போகிறாள். தணிக்கைக் குழு மூடநம்பிக்கையாகக் கண்ட அந்த மறைவை, ஒரு பெண் தன் வாழ்வைத் தானே தீர்மானித்துக்கொண்ட செய்கையாகவே நான் காண்கிறேன்.

பாஸ்டன் நகரத்து இசைக்குழு ஒன்று 'செந்நிற வீராங்கனை'க்குப் புதிதாக இசையமைத்து, திரையிடும்போதே அரங்கில் வாசித்துக் காட்டியதன் பயனாக, ஆய்வாளர்க்கு அப்பாலும் சிலர் இப்படத்தை அறிந்தனர். அத்தகைய முயற்சிகள் இன்னும் பல வேண்டும். 'செந்தாமரைக் கோயில்' கைவிட்டுப் போன நிலையில், எஞ்சிய இந்த ஒன்றரை மணி நேரமாவது கொட்டகைகளுக்குத் திரும்ப வேண்டும்.