பட்டான் என்றொரு வினைச்சொல்

கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து நடுகற்களை வாசிக்கிற எவரும் முதலில் முட்டிக்கொள்வது ஒரு வினைச்சொல்லில்தான். பட்டான். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்னாருடைய சேவகன் இன்னான், தொறு மீட்டுப் பட்டான். அவ்வளவுதான். செத்தவன் யார், யாருடைய ஆள், எந்தக் காரியத்தில் செத்தான் என்ற மூன்று தகவல்கள். புகழ்ச்சியைச் சிற்பத்திடம் விட்டுவிட்டு எழுத்து தன் வேலையை மட்டும் பார்க்கிறது. எம்.ஏ. தமிழில் எங்களுக்கு நடுகல் என்பது தொல்காப்பியப் புறத்திணையியலில் வருகிற காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்கிற மனப்பாடம். வரப்போரம் சாய்ந்து கிடந்து, வேடியப்பன் என்று பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிற கல்லுக்கும் அதற்கும் உறவுண்டு என்று வகுப்பில் யாரும் சொன்னதாக ஞாபகமில்லை.

இந்த வினைச்சொல்லை இப்போது எடுக்கக் காரணம் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் சுமார் 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவு. மதராஸ் ரெஜிமெண்டின் 19ஆம் பட்டாலியன் முகாமில் இருந்த பத்துப் பேர் புதைந்தார்கள். அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சிப்பாய் ராமமூர்த்தி. ஆறாம் நாள் ஹனுமந்தப்பா உயிரோடு எடுக்கப்பட்டார், பிப்ரவரி 11ல் தில்லி மருத்துவமனையில் இறந்தார். மற்ற ஒன்பது உடல்களையும் பனியை அறுத்துத்தான் எடுத்தார்கள். தேடியதில் டாட், மிஷா என்று இரண்டு நாய்களுக்கும் பங்குண்டு. (செங்கம் பக்கத்து எடுத்தனூர் நடுகல்லில் எருமை மந்தையைக் காத்துப் பட்டவனோடு, கோவிவன் என்கிற அவன் நாய்க்கும் பெயரும் உருவமும் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் காலம். இந்தப் பெருந்தன்மை நம் பத்திரிகைகளுக்கு வரவில்லை.)

பத்திரிகைகள் எழுதியது 'வீரமரணம்'. எனக்கு அந்தப் பத்துப் பேர் மீது மரியாதை குறைவில்லை; பிரச்சினை சொல்லில். சியாச்சினில் துப்பாக்கி கொன்றதைவிடக் குளிரும் உயரமும் கொன்றது அதிகம். 2003 நவம்பரிலிருந்து அங்கே போர்நிறுத்தம். ஆனால் வீரமரணம் என்று எழுதிய உடனே கொன்றது யார் என்கிற கேள்வியின் வாய் அடைக்கப்பட்டுவிடுகிறது. எதிரியே இல்லாத இடத்தில் ஒரு எதிரியை அந்தச் சொல் உற்பத்தி செய்கிறது. நடுகல்லும் அதிகாரத்தின் பிரதிதான், சந்தேகமில்லை. குறுநில மன்னனின் மாட்டுக்காகச் செத்தவனை அது கொண்டாடுகிறது. உடன்கட்டை ஏறியவளைக் காட்டுகிற சதிக்கல்லில் பெரும்பாலும் அவள் பெயரே கிடையாது. ஆனாலும் ஒரு விஷயத்தில் கல் நேர்மையானது. அனுப்பிய எஜமானனின் பெயரை அது மறைப்பதில்லை.

பனியில் தொலைந்தவர்களைத் தேடிப் பெயர் சூட்டுவதை ஒரு கலாச்சாரமாகவே வளர்த்தவர்கள் ஆங்கிலேயர். 1845ல் வடதுருவக் கடல்வழி தேடி ஃப்ராங்ளின் தலைமையில் இரண்டு கப்பல்களில் போன 129 பேரும் திரும்பவில்லை. 1854ல் ஜான் ரே என்பவர் இனூயிட் மக்கள் சொன்னதைக் கேட்டு வந்து லண்டனில் சொன்னார்: பட்டினியில் செத்தார்கள், கடைசியில் ஒருவரை ஒருவர் தின்றிருக்கிறார்கள். லண்டன் கொதித்தது. நாவலாசிரியர் டிக்கன்ஸ் தன் பத்திரிகையில், காட்டுமிராண்டிகளின் பேச்சை எப்படி நம்புவது என்கிற தோரணையில் எழுதினார். வீரம் என்ற கதையாடலுக்குப் பசி ஒத்துவராது, பாருங்கள். 1990களில் கிடைத்த எலும்புகளில் கத்தி வெட்டுக்கள் இருந்தன. 2024ல் வம்சாவளியினரின் மரபணுவோடு ஒப்பிட்டு, வெட்டுப்பட்ட ஒரு தாடை எலும்பு கப்பல் தலைவர்களில் ஒருவரான ஃபிட்ஸ்ஜேம்ஸுடையது என்று உறுதிப்படுத்தினார்கள். இனூயிட் சொன்னது 170 வருஷத்துக்குப் பிறகு ருசுவானது. அதற்கு ஒரு அதிகாரியின் தாடை தேவைப்பட்டது. இன்னொரு வேடிக்கை. 1869ல் எடுத்த ஒரு எலும்புக்கூட்டை ஒரு அதிகாரியுடையது என்று தீர்மானித்து கிரீன்விச்சில் நினைவுச்சின்னத்தின் கீழ் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் கழித்துப் பல்லின் வேதியியலைப் பார்த்தவர்கள், இது அவரில்லை, குட்சர் என்கிற இன்னொருவராக இருக்கலாம் என்றார்கள். சலவைக்கல் தப்பு, பல் சரி.

அதே பல் விஞ்ஞானம் இங்கேயும் வந்தது. 1857ல் பஞ்சாபில் அஜ்னாலாவில் வங்காளக் காலாட்படையின் 26ஆம் பிரிவைச் சேர்ந்த 282 சிப்பாய்களைக் கொன்று கிணற்றில் போட்டான் ஃப்ரெடரிக் கூப்பர் என்கிற வெள்ளை அதிகாரி. 2014ல் கிணற்றைத் தோண்டினார்கள். 2022ல் வந்த ஆய்வு, இவர்கள் கங்கைச் சமவெளிக்காரர்கள் என்று சொன்னது. பெயர்? அங்கே ஒரு ஃபிட்ஸ்ஜேம்ஸுக்கு எச்சில் கொடுக்க வம்சாவளி கிடைத்தது. இங்கே ஒரு சமவெளிதான் கிடைத்தது. விஞ்ஞானம் பாரபட்சம் பார்க்காமல் இருக்கலாம். எந்தக் குடும்பத்துக்கு வம்சக் காகிதம் இருக்கிறது என்பதில் பாரபட்சம் இருக்கிறது.

இனி நம்ம ஊர் விஷயம். 2023 ஜூலை 29ல் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது பேர் செத்தார்கள். வெடித்தது சிலிண்டரா பட்டாசா என்று கொஞ்ச நாள் அரசியல் நடந்தது. அதே வருஷம் அக்டோபர் 7ல், ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடையோடு சேர்ந்த கிடங்கு எரிந்தது. முதல் கணக்கிலேயே 14 பேர். தீபாவளி வியாபாரத்துக்குக் கூலிக்குப் போன தமிழ்நாட்டுப் பையன்கள்தான் பெரும்பாலும். படித்துக்கொண்டே போனவர்களும் உண்டு. தலைப்புச் செய்தி: '14 பேர் பலி'.

இந்தப் 'பலி'யைத்தான் நான் வாசிக்கச் சொல்கிறேன். பலி என்றால் யாருக்குக் கொடுத்தது? சாமி எது? அந்தக் கேள்வியை எழுப்புகிற சொல்லை வைத்துக்கொண்டே கேள்வியைக் கொன்றுவிடுகிற சாமர்த்தியம் நம் பத்திரிகைத் தமிழுக்கு உண்டு. வீரமரணத்துக்குப் பெயர் உண்டு, கொடி உண்டு, இருபத்தொரு குண்டு உண்டு. பலிக்கு எண்ணிக்கை மட்டும். சியாச்சினில் 1984ல் காணாமல் போன சிப்பாய் சந்திரசேகரின் உடல் 38 வருஷம் கழித்து 2022ல் கிடைத்தபோது, அடையாளம் சொன்னது உலோக வில்லையில் இருந்த எண். கிடங்கில் மூட்டை தூக்குகிற பையனுக்கு யார் வில்லை கொடுப்பது? வருகைப் பதிவேடு இருந்தாலே அதிசயம். ஓசூர்த் தொழிற்பேட்டையின் ஒப்பந்தக் கூலிகளுக்கும் இது பொருந்தும். அவன் யாருடைய ஆள் என்பதை மறைப்பதற்கென்றே கண்டுபிடிக்கப்பட்ட ஆள் அந்த ஒப்பந்தக்காரன்.

கவிஞர்கள் அத்திப்பள்ளிக்கு அஞ்சலிக் கவிதை எழுதினால் அதில் கண்ணீர் இருக்கும், கருகிய மத்தாப்பு இருக்கும், படிமம் இருக்கும். எனக்கு வேண்டியது பழைய கல்லின் வாக்கியம். இன்ன ஊரான், இன்னார் மகன், இன்ன முதலாளியின் கிடங்கில், இன்ன கூலிக்கு, பட்டாசு ஏற்றி இறக்குகையில் பட்டான். மூன்றே வரி. அதில் முதலாளி பெயர் விடுபடக்கூடாது. கல்லை எல்லையின் எந்தப் பக்கம் நடுவது என்று ஒரு தகராறு வரும். இந்தப் பிரதேசத்தின் பழைய கற்கள் தமிழிலும் கன்னடத்திலும் உண்டு என்பதால், இரண்டிலும் வெட்டிவிடலாம்.