நூதனசாலையும் எடுத்துரைப்பும்: மலையகத் தேயிலை வரலாறு குறித்துச் சில அவதானிப்புகள்

நூதனசாலையிலே பொருட்கள் தாமாகப் பேசுவதில்லை. வழிகாட்டி எதனை விளக்குகிறார், எதனைக் கடந்து செல்கிறார், பார்வையாளரை எந்த ஒழுங்கில் நடத்திச் செல்கிறார் என்பனவே அவற்றைப் பேசவைக்கின்றன. ஆதலின் நூதனசாலைச் சுற்றினையும் அங்கு நிகழும் உரையினையும் நாம் ஓர் எடுத்துரைப்பு வடிவமாகவே கொள்கிறோம். நாவலிற் போலவே இங்கும் கதைமாந்தர் யாவர், வெறும் பின்னணியாக நிற்பவர் யாவர் என்பது முதல் வினாவாகும்.

கண்டி ஹந்தானையில், 1925 இல் கட்டப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்ட தொழிற்சாலையொன்றிலே, இலங்கைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் 2001 இல் தேயிலை நூதனசாலையை நிறுவின. கீழ்த்தளங்களில் பழைய எஞ்சின்களும் அரைக்கும் பொறிகளும். மேலே நூலகமும் ஜேம்ஸ் ரெயிலரின் நினைவுப் பொருட்களும். உச்சியிலே தேநீர் அருந்துமிடம். பொறிகள் அக்கறையுடன் பேணப்பட்டுள்ளன. தொழினுட்ப வரலாற்று மாணவருக்கு அவற்றாற் பெரும்பயன் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இவ்வொழுங்கில் வரலாறு தொழிற்சாலை வாசலிலேதான் தொடங்குகின்றது. வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவிடுதல், உலர்த்துதல், தரம்பிரித்தல் எனக் கொழுந்தின் பயணம் விவரிக்கப்படுகையில், அது தராசுக்கு வருவதற்கு முந்திய உழைப்பு கதைக்கு வெளியே நின்றுவிடுகிறது. ரெயிலர் 1867 இல் லூல்கந்துரவிலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார் என்பது தேயிலை வரலாற்றின் வழமையான முதல் வாக்கியம். இலக்கணத்திலே பிழையில்லை, காடு வெட்டிக் குழி தோண்டிய கைகள்தாம் அந்த ஒரு வினைமுற்றினுள் மறைந்துபோகின்றன. பண்டத்தினுள்ளே உழைப்பு மறைதல் பற்றி மார்க்ஸ் கூறியதற்கு இதனினும் எளிய உதாரணம் கிடைத்தல் அரிது.

கம்பளைக்கு அண்மையில், பழைய பீக்கொக் தோட்டத்திலே, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007 இல் ஏற்படுத்திய தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இதற்கு மறுதலையானது. இங்கு கட்டடமே காட்சிப்பொருள். அது ஒரு லயம். கதை காம்பராவிலே தொடங்குகிறது. அதன் ஒடுக்கத்தைக் கண்ட ஒருவருக்கு, கடன் தீரும்வரை தொழிலாளியைக் கங்காணியுடன் பிணைத்து வைத்து 1921 இல் ஒழிக்கப்பட்ட துண்டுமுறையையோ, அரைநாட் கூலியைக் குறிக்கும் 'அரைப்பேர்' என்ற சொல்லையோ விளக்க நெடிய உரை வேண்டியதில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டமும், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கிய 1964 இன் ஒப்பந்தமும் இத்தகைய இடத்திலேதான் பேசப்படல் வேண்டும். சட்டநூலின் பிரிவுகளாக அன்று, குடும்பமொன்றின் தகரப் பெட்டியிற் கிடந்த தாள்களாக.

எனினும் இங்கேயும் ஒரு சிக்கலுண்டு. லயம் நூதனசாலையாகும்போது அது கடந்தகாலத்துக்கு உரியதெனத் தோன்றிவிடுகிறது. மக்களோ இன்றும் லயங்களிலே வாழ்கின்றனர். நகரத்திலிருந்து வரும் மாணவர் 'அக்காலத்திலே இப்படியா' எனக் கண்கலங்கித் திரும்புவாராயின், அன்றைய உரை தோற்றதென்றே நாம் கொள்வோம். இரக்கம் வரலாற்றறிவாகாது. (நமது பல்கலைக்கழகக் கள ஆய்வுகள் சிலவும் இவ்விரக்கத்தைத் தாண்டியனவல்ல.)

சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்தபோது, அம்மக்கள் தம் வாழ்வைத் தாமே எடுத்துரைத்த வடிவம் ஒன்று நம் கைக்கு எட்டியது. நூதனசாலை உரைக்கு வேண்டியதும் அத்தகைய தன்மையிடத்துக் குரலே. பிரட்டுக்களத்திலே தொடங்கி மலைக்கு ஏறி, நிறுவையைக் கடந்து, ஹந்தானையின் பொறிகளிலே முடியும் சுற்றொன்றை இரு நூதனசாலைகளும் இணைந்து வகுத்தல் இயலாததன்று. இன்றும் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணே அச்சுற்றின் முதல் உரையாளராக அமைதல் வேண்டும். அன்றைக்கு அவருக்கு முழுப்பேர் போடப்படவும் வேண்டும்.