டூ அன்லிமிடெட்டின் ‘நோ லிமிட்ஸ்!’: திட்டும் வாங்கியது, முதலிடமும் வாங்கியது

டூ அன்லிமிடெட் ஜோடியின் இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பமான ‘நோ லிமிட்ஸ்!’ 1993 மே மாதம் வெளிவந்தது. மே 22ஆம் தேதியிட்ட பிரிட்டன் ஆல்பம் பட்டியலில் அதற்கு முதலிடம். முந்தைய வாரம் அந்த இடத்தில் இருந்தது மான்செஸ்டரின் நியூ ஆர்டர் குழு. அடுத்த வாரம் அதைப் பிடித்தது ஜேனட் ஜாக்சன். பத்திரிகைகள் மரியாதையோடு எழுதும் இரண்டு பெயர்களுக்கு நடுவே, அதே பத்திரிகைகள் கிண்டலடித்த ஒரு பெயர் ஒரு வாரம் உச்சியில் இருந்தது. முந்தைய ஆண்டு இந்த ஜோடியின் முதல் ஆல்பமான ‘கெட் ரெடி’ அதே பட்டியலில் 37ஆம் இடத்தோடு நின்றுபோனது. ஓராண்டில் இவ்வளவு பெரிய தாவல் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க, ஜோடி உருவான விதத்திலிருந்து தொடங்க வேண்டும்.

மேடையில் இருவர், ஸ்டுடியோவில் வேறு இருவர் என்பதே டூ அன்லிமிடெட்டின் அமைப்பு. பெல்ஜியத்தைச் சேர்ந்த ஜான்-பால் டி கோஸ்டரும் ஃபில் வைல்டும் பாட்டின் ஒலியைச் செய்தார்கள். நடன கிளப்புகளுக்கு இசை செய்வதில் அவர்கள் புதியவர்கள் அல்ல. பிஸ் நிஸ் என்ற பெயரில் 1990இலேயே பிரிட்டனில் முதல் பத்துக்குள் வந்தவர்கள். 1991இல் ‘கெட் ரெடி ஃபார் திஸ்’ என்ற வாத்திய இசைத் துண்டைச் செய்துவிட்டு, ராப் சேர்ப்பதற்காக ஆம்ஸ்டர்டாமின் ரே ஸ்லைன்கார்டிடம் கொடுத்தார்கள். ரே அப்போது விமான நிலையத்தில் சமையல் வேலை பார்த்துவந்தார். பெண் குரலுக்கு அவர் கூட்டிவந்தவர் அனிட்டா டோத். இருவரும் பாடித் தந்தது தயாரிப்பாளர்களுக்குப் பிடித்துப்போக, ஜோடி நிலைத்தது. ஆக, முதலில் பிறந்தது இசை. பாடகர்கள் அதில் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். பின்னாளில் இவர்கள்மேல் விழுந்த குற்றச்சாட்டுகளில் பாதிக்கு விதை இங்கேதான் இருக்கிறது.

ஆல்பத்துக்கு வழி போட்டது ‘நோ லிமிட்’ சிங்கிள். 1993 பிப்ரவரியில் அது பிரிட்டனில் முதலிடத்துக்கு வந்தபோது கீழே இறங்கியது விட்னி ஹூஸ்டனின் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’. பத்து வாரம் அசையாமல் உட்கார்ந்திருந்த பாட்டு அது. ஒரு பக்கம் முழுக்க முழுக்கக் குரலால் நிற்கும் மெதுவான காதல் பாட்டு. அதை நகர்த்தியதோ குரலே துணைப் பாத்திரமாகிவிட்ட ஒரு துள்ளல். ‘நோ லிமிட்’ ஐந்து வாரம் அங்கே இருந்தது. நெதர்லாந்து, பெல்ஜியம் என்று ஐரோப்பாவின் பல நாடுகளிலும் அதற்கு முதலிடமே.

பாட்டின் உள்கட்டமைப்பு மிக எளிது. நிமிடத்துக்கு 140ஐத் தாண்டிய தாள வேகம். ஒவ்வொரு அடிக்கும் தவறாமல் விழும் கிக் டிரம். அதன்மேல் சின்தசைசரில் சில சுரங்களே கொண்ட ஒரு வெட்டு மெட்டு, மைனர் சாயலில், திரும்பத் திரும்ப வரும். அனிட்டா பல்லவியைப் பாடுவார், ரே இடையில் ராப் செய்வார். இதில் பிரிட்டன் பதிப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே வெளியிட்டது பீட் வாட்டர்மேனின் பி.டபிள்யூ.எல். நிறுவனம். ரேயின் ராப் வரிகளில் பெரும்பகுதியை அது வெட்டி எறிந்தது. எஞ்சியது பல்லவி, மெட்டு, ‘டெக்னோ’ என்ற ஒற்றைச் சொல்லின் அடுக்கு, அவ்வளவுதான். பாட்டு எழுதியவருக்கு இது அநியாயம். கேட்கிறவருக்கு இது வசதி. ‘ஸ்பிட்டிங் இமேஜ்’ என்ற பொம்மலாட்ட நையாண்டி நிகழ்ச்சி, இதில் வரிகளே இல்லை என்று ‘நோ லிரிக்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு கேலிப் பாட்டே போட்டது. வரிகளை வெட்டியது நிறுவனம், கேலி விழுந்தது ஜோடியின் தலையில்.

வீடியோவும் இதே மனநிலையில் எடுக்கப்பட்டது. ராட்சத பின்பால் இயந்திரம் ஒன்றின் உள்ளே நடப்பதுபோன்ற அமைப்பு. பளிச்சிடும் விளக்குகள், உருளும் பந்து, நடுவில் ஆடும் ஜோடி. கதை கிடையாது. பாட்டிலும் கதை கிடையாது என்பதால் இது பொருத்தமாகவே இருக்கிறது.

ஆல்பத்திலிருந்து மொத்தம் ஐந்து சிங்கிள்கள் வந்தன. ‘நோ லிமிட்’டுக்குப் பிறகு ‘ட்ரைபல் டான்ஸ்’ பிரிட்டனில் நான்காம் இடம், ‘ஃபேசஸ்’ எட்டாம் இடம், ‘மேக்சிமம் ஓவர்டிரைவ்’ பதினைந்தாம் இடம். சரிவு தெளிவாகத் தெரிந்த நேரத்தில், 1994 தொடக்கத்தில் வந்த ‘லெட் த பீட் கன்ட்ரோல் யுவர் பாடி’ மீண்டும் ஆறாம் இடத்துக்கு ஏறியது. ஐந்தில் இதுவே கூர்ந்து கேட்கத் தகுந்தது. மெட்டு கொஞ்சம் பின்வாங்கி அனிட்டாவின் குரலுக்கு இடம் விடுகிறது. அந்தக் குரலுக்கு முழக்கம் போடுவதைத் தாண்டியும் வேலை தெரியும் என்பது அப்போதுதான் வெளிப்படுகிறது. ‘ட்ரைபல் டான்ஸ்’ இதற்கு நேர்மாறு: பறையோசை போன்ற தாளத்தையும் கூட்டக் கூச்சலையும் அடுக்கி, ‘நோ லிமிட்’டின் சூத்திரத்தையே வேறு உடையில் நிறுத்துகிறது. ‘ஃபேசஸ்’ மெட்டில் அதைவிட மென்மையானது, நினைவில் நிற்பது குறைவு.

சிங்கிள்களை எடுத்துவிட்டால் ஆல்பம் மெலிந்துபோகிறது. பவர்பிளேயில் வெளுத்து வாங்கிவிட்டு, மத்திய ஓவர்களில் கட்டை போடும் அணியின் ஸ்கோர்கார்டு மாதிரி இருக்கிறது அதன் ஓட்டம். ‘வேர் ஆர் யூ நவ்’ போன்ற மெதுவான பாட்டுகள் அடிக்கடி வரும் இடிமுழக்கத்துக்கு இடையே இளைப்பாற வைக்கப்பட்டவை. ஆனால் மெதுவான பாட்டுக்கு வேண்டிய வரிகளின் வலு அவற்றில் இல்லை. வேகப் பாட்டுகளில் வரிகள் பலவீனமாக இருப்பது தெரிவதில்லை, வேகம் குறைந்ததும் அது அப்பட்டமாகிறது. தொடர்ந்து ஒரே மூச்சில் கேட்கச் செய்த தொகுப்பாக இதைக் கருத முடியாது. ஆனால் அன்றைய நடன இசை ஆல்பங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இருந்தன. விற்பது சிங்கிள், ஆல்பம் அதன் பின்னால் வரும் கொசுறு.

வரவேற்பு இரண்டாகப் பிளந்தது. இசைப் பத்திரிகைகளின் பார்வையில் இது இயந்திரத்தனமான, மூளைக்கு வேலை தராத சரக்கு. பாடகர்கள் வெறும் முகங்கள், உண்மையான வேலை தயாரிப்பாளர்களுடையது என்ற வாதமும் கூடவே வந்தது. கடைகளில் காசு கொடுத்து வாங்கியவர்களுக்கு இந்தக் கவலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்த ஆண்டின் காற்றும் சாதகமாக வீசியது. ‘நோ லிமிட்ஸ்!’ ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்த அதே வாரம், சிங்கிள் பட்டியலின் உச்சியில் சுவீடனின் ஏஸ் ஆஃப் பேஸ். சில மாதங்களில் ஜெர்மனியிலிருந்து கல்ச்சர் பீட்டின் ‘மிஸ்டர் வெய்ன்’ முதலிடத்துக்கு வந்தது. ஐரோப்பியக் கண்டத்துப் பாட்டு என்றாலே முகம் சுளித்துப் பழகிய பிரிட்டனில் இது சின்ன விஷயமல்ல.

அமெரிக்காவில் நடந்தது வேறு கதை, விளையாட்டு ரசிகர்களுக்கு இதுவே நெருக்கமானதும்கூட. அங்கே ‘நோ லிமிட்’ பெரிய ஹிட் ஆகவில்லை. ஆனால் முதல் ஆல்பத்தின் ‘கெட் ரெடி ஃபார் திஸ்’ கூடைப்பந்து, ஐஸ் ஹாக்கி அரங்குகளுக்குள் நுழைந்து அங்கேயே குடியேறிவிட்டது. அரங்க ஒலிபரப்பாளருக்கு வேண்டியது முழுப் பாட்டு அல்ல. ஆட்டம் நிற்கும் சில நொடிகளுக்குள் ஆயிரக்கணக்கானோரை எழுப்பி உட்காரவைக்கும் ஒரு துண்டு போதும். அதற்கு அறிமுக இசை நீளமாக இருக்கக் கூடாது, வரிகள் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் கூடாது, எங்கே வெட்டினாலும் வெட்டியது தெரியக் கூடாது. விமர்சகர்கள் குறையாகப் பட்டியலிட்ட அத்தனையும் இங்கே தகுதிகள். 1995இல் ஈ.எஸ்.பி.என். பெயரோடு வந்த ‘ஜாக் ஜாம்ஸ்’ அரங்கப் பாட்டுத் தொகுப்பில் இதற்கு இடம் கிடைத்தது; ஏறத்தாழ அதே காலத்தில், வெளிவந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் 38ஆம் இடம் வரை ஏறியது. வானொலி செய்யாத விளம்பரத்தை மைதானம் செய்தது என்று சொல்லலாம்.

‘நோ லிமிட்ஸ்!’ போட்ட அடித்தளத்தின்மேல் 1994இல் வந்த ‘ரியல் திங்ஸ்’ ஆல்பமும் பிரிட்டனில் முதலிடம் பெற்றது. அதன்பின் வேகம் தணிந்தது. 1996இல் ரேயும் அனிட்டாவும் விலகினார்கள். பெயரும் ஒலியும் ஸ்டுடியோவிடமே இருந்ததால், 1998இல் ரோமி, மர்யோன் என்ற இரண்டு புதிய பாடகிகளை நிறுத்தி அதே பெயரில் ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். தயாரிப்பு அதே கைகளில்தான் இருந்தது, ஆனால் பழைய ஓட்டம் திரும்பவில்லை. முகங்கள் மட்டும்தான் என்று தள்ளப்பட்ட இருவரும், 2010களில் பழைய பாட்டுகளோடு மீண்டும் சேர்ந்து மேடையேறியபோது அரங்குகளில் கூட்டத்துக்குக் குறைவிருக்கவில்லை. 2016இல் அனிட்டா மறுபடியும் விலகினார்.