பாவமும் ஆணவமும்: பழைய விவாதமொன்றின் மறுபரிசீலனை

கண்டி மலைநாட்டுத் தோட்டங்களிற் பணிபுரிந்த தமிழரிடையே கிறித்தவத்தைப் பரப்புதற்கான மிஷன் 1854ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. திருநெல்வேலியிலிருந்து தமிழ் உபதேசியார்கள் அதன்பொருட்டு வந்தனர். அதே ஆண்டிலேதான் ஆறுமுக நாவலரின் ‘சைவ தூஷண பரிகாரம்’ வெளிவந்தது. அக்காலச் சமய வாதங்களிற் பாவம், இரட்சிப்பு, நரகம் ஆகிய சொற்கள் இரு சாராராலும் ஓயாது எடுத்தாளப்பட்டன. எனினும் இரு சாராரும் ஒரே பொருள்பற்றித்தான் வாதிட்டனரா என்பது ஆராயற்பாலது.

சைவர்க்குப் பாவம் என்பது தீவினையின் பயன். செய்த உயிரே அதனை நுகர்ந்து கழித்தல் வேண்டும். நரகமும் அவ்வாறு கழிக்கும் இடமேயாதலின் உயிர் அங்கிருந்து மீளும். கிறித்தவர்க்கோ, ஆதாமின் கீழ்ப்படியாமையால் மனித குலம் முழுவதையும் பற்றிய சீர்கேடே பாவத்தின் வேர். மனிதன் தன் முயற்சியால் அதனை நீக்கவியலாது. மரபுவழிக் கொள்கைப்படி நரகத்தினின்றும் மீட்சியில்லை. எனவே ஒருவன் பாவத்தைப் பிறனொருவன் சுமப்பதெங்ஙனம் என்ற சைவரின் வினா, தம் சொற்பொருளில் நியாயமானதாயினும், எதிராளியின் கொள்கையைத் தொடவில்லை. சைவர் தம் புண்ணியத்தையே நம்புகின்றனர் என்ற கண்டனமும் சித்தாந்தத்தைத் தொடவில்லை. திருவருளின்றி வீடில்லை என்பதே அதன் துணிபு.

கிறித்தவரின் மூல பாவத்தோடு ஒப்பிடற்குரியது வினையன்று, ஆணவமலமே. அதுவும் செயலுக்கு முந்தியது, அறிவை மறைப்பது, அருளாலன்றி வலிகெடாதது. ஆயினும் ஆணவம் அநாதி. கிறித்தவர் கூறும் பாவத்துக்கோ தொடக்கமுண்டு. தொடக்கமுடையது குற்றமாய் நின்று மன்னிப்பை வேண்டுகின்றது. அநாதியானது நோயாய் நின்று மருந்தை வேண்டுகின்றது. உண்மையான கருத்து வேறுபாடு இவ்விடத்திலேயே உள்ளது. வாதிட்டோர் இதனை அணுகாமலே ஓய்ந்தனர்.

இஃது ஏட்டளவில் நிற்கும் சிக்கலன்று. திகனவையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளையும் உள்ளிட்ட மலையகத்திலே, பெற்றோர் சைவராகவும் பிள்ளைகள் கிறித்தவராகவும் வாழும் குடும்பங்கள் உண்டு. இறந்த தாய் மீளா நரகிற் கிடக்கின்றாளோ என்று கலங்கும் மகனுக்கு எவருடைய வாத வெற்றியும் ஆறுதலாகாது. கிறித்தவத்துள்ளேயே, 3ஆம் நூற்றாண்டினரான ஒரிகன் எல்லா உயிரும் ஈற்றில் இறைவனிடம் மீளுமென நம்பினார். பிற்காலத் திருச்சபை அதனை ஏற்கவில்லை. இறைவனின் நீதி பெரிதா, கருணை பெரிதா என்ற அம்மகனின் வினா இரு சமயத்தார்க்கும் பொதுவானது. ஒருவர் சொல்லை மற்றவர் பொருளறிந்து கேட்டாலன்றி அதற்கு விடை பிறவாது.