விடலைப் பருவப் படங்கள்: மரபுகளும் மதிப்பீடுகளும்

பழைய படங்கள் பெரும்பாலும் தொழில்நுட்பத்தால் மூப்படைகின்றன. விடலைப் பருவத்தைச் சொல்லும் படங்களோ பார்வையால் மூப்படைகின்றன. பதினைந்து வயதில் கொட்டகையில் பார்த்தவர், நாற்பத்தைந்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே படத்தைப் பார்க்கிறார். அவருக்கு இனிக்கும் காட்சியில் மகள் முகம் சுளிக்கிறாள். விமர்சகரோ இருவரும் கவனிக்காத சட்டகத்தைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். இப்படங்களின் தரம் குறித்த வழக்கு இந்த மூவருக்கும் நடுவில்தான் நடக்கிறது.

விமர்சகர்கள் முதலிடம் தருவது தன்வரலாற்று மரபுக்கு. விமர்சகராகக் கடுமையாக எழுதியதற்காக 1958இல் கான் திரைப்பட விழாவுக்கு அழைக்கப்படாத பிரான்சுவா த்ரூஃபோ, மறு ஆண்டே ‘400 அடிகள்’ படத்துக்காக அங்கே சிறந்த இயக்குநர் விருது பெற்றார். பள்ளிக்கும் வீட்டுக்கும் வேண்டாதவனாகிப்போன அந்தப் பையனுக்காகப் படம் பரிந்து பேசுவதில்லை, அவனைத் திட்டுவதுமில்லை. சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1957இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது. ஆனால் கல்கத்தாவில் ஓடவில்லை. படிப்புக்காக நகரம் போன நாயகன் அபு தாயை விட்டு மெல்ல விலகுவதை வங்காளப் பார்வையாளர்கள் ஏற்கவில்லை. அன்று உறுத்திய அந்த விலகலையே இன்று படத்தின் மிகப் பெரிய உண்மையாகக் கொண்டாடுகிறார்கள்.

அமெரிக்கப் பள்ளிக்கூடப் படங்கள் இதற்கு நேரெதிர். ஜான் ஹியூஸின் ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ (1984), ‘தி பிரேக்ஃபாஸ்ட் கிளப்’ (1985) இரண்டையும் தூக்கிப் பிடித்தவர்கள் அன்றைய இளைஞர்கள்தாம். பெரியவர்கள் காதில் விழாத தங்கள் பேச்சைத் திரையில் கேட்டார்கள். 2018இல் அவற்றின் நாயகி மோலி ரிங்வால்ட், மகளோடு பார்த்த அனுபவத்தைத் தொட்டு, பெண்களை அப்படங்கள் நடத்திய விதத்தைக் கேள்வி கேட்டு எழுதினார். அவற்றில் ஒன்றில், போதையில் நினைவிழந்த பெண்ணை ஒருவன் இன்னொருவனிடம் ஒப்படைப்பது அன்று நகைச்சுவையாகக் கடந்துபோனது. அவர் அப்படங்களைத் தூக்கி எறியவில்லை; அன்பும் சங்கடமும் ஒருசேர இருக்கலாம் என்று காட்டினார்.

தமிழில் விடலைப் பருவப் படங்களுக்கு உரம் போட்டது பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ (1979). ‘சம்மர் ஆஃப் 42’ படத்தோடு அடிக்கடி ஒப்பிடப்பட்டாலும், மூன்று பையன்களின் வெயில் காலம் நம் ஊர் மண்ணில்தான் விரிகிறது. டீச்சர் மீதான மயக்கத்தைப் படம் மறைக்கவில்லை. வளர்ந்துவிட்ட ஒருவனின் நினைவாகச் சொல்வதால் அந்த மயக்கத்துக்குள் விழுந்துவிடவும் இல்லை. டீச்சராக நடித்த ஷோபாவுக்குப் படம் வெளிவந்தபோது 17 வயதுதான் என்பது இன்றைய பார்வையாளரை வேறுவிதமாக யோசிக்கவைக்கும். ஊட்டிப் பள்ளியில் நடக்கும் ‘பன்னீர் புஷ்பங்கள்’ (1981), முட்டம் கடற்கரையின் ‘அலைகள் ஓய்வதில்லை’ (1981) இரண்டையும் மக்கள் நினைவில் காப்பாற்றி வைத்திருப்பவை இளையராஜாவின் பாடல்கள். படத்தைப் பார்க்காதவருக்கும் பாட்டு தெரியும். விமர்சகர் கணக்கில் எடுக்கத் தயங்கும் இந்தச் செல்வாக்கு இங்கே மிகப் பெரிது. 2002இல் வந்த ‘துள்ளுவதோ இளமை’யை விமர்சகர்கள் கண்டித்தார்கள், இளைஞர்கள் ஓடவைத்தார்கள். ‘காதல்’ (2004) வந்தபோதுதான் பருவக் காதலுக்குக் குறுக்கே நிற்கும் சாதியின் கொடூரத்தை இரு தரப்பும் ஒரே குரலில் பேசின.

ஆக, ரசிகர் நினைவை வைத்தும், விமர்சகர் கலையை வைத்தும், இளைய தலைமுறை நியாயத்தை வைத்தும் அளக்கிறார்கள். மூன்றையும் தாண்டி நிற்கும் படங்களில் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: பையனின் கண்ணும் படத்தின் கண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. அவன் மயங்கும்போது படம் விழித்திருக்கிறது. இந்த இடைவெளி இல்லாத படங்கள் பாட்டில் மட்டும் பிழைத்திருக்கின்றன.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். நம் பழைய படங்களில் பெண்ணின் பருவம் சடங்காகவும் பாட்டாகவும் வந்த அளவுக்கு அவள் மனமாக வரவில்லை. மேலே சொன்ன படங்களில் பெரும்பாலானவை பையன்களின் கதைகள். எல்லாமே ஆண்கள் இயக்கியவை. அடுத்து வரும் விமர்சகர், எது சிறந்த படம் என்று வரிசைப்படுத்துவதற்கு முன், யாருடைய பருவம் படமாகவே இல்லை என்று கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.