முதல் பக்கத்திலேயே கொலை

நம்மூர் க்ரைம் கதைகள் சினிமாவுக்குப் போனால் ஊர் மாறும், ஆள் மாறும். சுஜாதாவின் ‘பிரியா’ லண்டனில் நடந்தது. 1978ல் படமானபோது சிங்கப்பூருக்குப் போய்விட்டது. வக்கீல் கணேஷ் ரஜினிகாந்த் ஆனதில் அவருக்கு ஒரு காதலும் ஒட்டிக்கொண்டது. ஜாலியான படம், விட்டுவிடலாம்.

விட முடியாத கேஸ், ‘வெக்கை’. 1982ல் வந்த பூமணியின் நாவல். இதை க்ரைம் நாவல் என்றால் இலக்கியக்காரர்கள் அடிக்க வருவார்கள். ஆனால் பாருங்கள், எடுத்த எடுப்பில் கொலை. செய்தவன் பதினைந்து வயதுப் பையன், சிதம்பரம். அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டத்தான் நினைத்தான், ஆளே போய்விட்டான். அப்புறம் அப்பனும் மகனும் காடு, மலை என்று ஒளிந்து திரிவதுதான் கதை.

பையனிடம் அரிவாளோடு கைக்குண்டும் இருக்கிறது. சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. மழை ஏமாற்றும் கரிசலில் வெடியும் தீப்பெட்டியும்தானே பலருக்குச் சோறு போடுகின்றன! பூமணி அடுத்த ஊரான கோவில்பட்டிக்காரர். தீப்பெட்டி வேலைக்குப் போகும் குழந்தைகளைப் பற்றி நாசர், ராதிகாவை வைத்து ‘கருவேலம் பூக்கள்’ என்று படமே எடுத்தவர்.

2019ல் வெற்றிமாறன் இதை ‘அசுரன்’ ஆக்கினார். தனுஷுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் கதை மகன் கையிலிருந்து அப்பன் கைக்குப் போய்விட்டது. அடங்கிக் கிடக்கும் சிவசாமி பொறுமை தீர்ந்து எழுந்தால் தியேட்டரில் விசில். அவருக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வேறு: பஞ்சமி நிலம், செருப்புப் போட்டதற்கு அவமானம், எரியும் குடிசைகள். 1968ன் கீழ்வெண்மணி ஞாபகம் வராமல் அதைப் பார்க்க முடியாது. நாவலோ சாதிப் பெயரைக்கூடச் சொல்லாது. படம் வாய்விட்டுச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான்.

இழப்பு வேறு இடத்தில். நாவலில் பையனை யாரும் ‘ஏலே, ஏன் இப்படிச் செஞ்சே?’ என்று உலுக்குவதில்லை. அய்யா, மாமா எல்லோருக்கும் அவன் சாப்பிட்டானா, தூங்கினானா என்றுதான் கவலை. கிடைத்ததைப் பொங்கித் தின்கிறார்கள், பழைய கதை பேசுகிறார்கள். அந்தச் சாதாரணம்தான் நம்மைப் பயமுறுத்துகிறது. நாம் யார் பக்கம் என்று யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. படத்தில் அந்த நேரத்தைச் சண்டைக் காட்சிகள் எடுத்துக்கொள்கின்றன.

முடிவிலும் அப்படித்தான். படத்தில் அப்பா பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் படிக்கச் சொல்கிறார். நாவலில் அட்வைஸ் எல்லாம் கிடையாது. இரண்டு பேரும் சரணடைய கோர்ட்டுக்குக் கிளம்புகிறார்கள், அவ்வளவுதான்.

படம் பார்த்துவிட்டவர்கள் இனி நாவலை எடுக்கலாம். சின்னப் புத்தகம். வில்லன் எப்போது வருவான் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். முதல் பக்கத்திலேயே ஆள் காலி.