வெள்ளைக் கட்டமும் ஒரு கணக்குதான்

உலக வெப்பநிலை வரைபடங்களை அடிக்கடி பார்ப்பவர்களுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டிருக்கும். கட்டம் கட்டமாக சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்று நிறம் அடித்திருப்பார்கள். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய வரைபடங்களை எடுத்துப் பார்த்தால், மேலே வட துருவத்தைச் சுற்றியும் கீழே அண்டார்டிகாவிலும் நிறையக் கட்டங்கள் வெள்ளையாகவே விடப்பட்டிருக்கும். அங்கே அளவீடு இல்லை என்று அர்த்தம். பார்க்க நேர்மையான வேலையாகத்தான் தெரிகிறது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுதானே அறிவியல்?

வரைபடத்தைப் பொறுத்தவரை சரி. சராசரி எடுக்கும்போதுதான் சிக்கல். அந்த வெள்ளைக் கட்டத்துக்குள் அப்போது ஒரு எண் வந்து உட்கார்ந்துவிடுகிறது. யாரும் எழுதாத எண், அதனால் யாரும் சரிபார்க்காத எண்.

எப்படி என்று பார்ப்போம். பிரிட்டனின் வானிலைத் துறையும் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகமும் சேர்ந்து தயாரிக்கும் ஹேட்கிரட் தொகுப்பின் நான்காம் பதிப்பு 2012-ல் வந்தது. பூமியை 5 பாகைக்கு 5 பாகை என்று கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் அளவீடு இருந்தால் எண் போட்டார்கள், இல்லையென்றால் காலி. இப்படிச் செய்ததில் பூமிப் பரப்பில் சுமார் 84 சதவீதம்தான் கணக்குக்குள் வந்தது. காலிக் கட்டங்களை விட்டுவிட்டு மீதியை மட்டும் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? அந்தக் காலி இடங்களும் அந்த அரைக்கோளத்தின் சராசரி அளவுக்குத்தான் சூடாகின்றன என்று எடுத்துக்கொண்டதாக ஆகும். கணக்கு அதைத்தான் செய்கிறது, நாம் அப்படி நினைத்தாலும் நினைக்காவிட்டாலும்.

வாய்க்கால் பாசனம் தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். தலைமடையிலும் நடுவிலும் தண்ணீரை அளந்துவிட்டு, கடைமடைக்கு ஆள் போகமுடியவில்லை, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று ஒரு அறிக்கை எழுதலாம். பொய் கிடையாது. ஆனால் "சராசரியாக எல்லோருக்கும் தண்ணீர் போயிருக்கிறது" என்று அதே அறிக்கை முடிந்தால் கடைமடைக்காரர் சும்மா இருப்பாரா? பிரச்சினையே அவர் வயலில்தானே!

பூமிக்குக் கடைமடை ஆர்க்டிக். 1979 முதல் 2021 வரையிலான காலத்தில் ஆர்க்டிக் உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடானதாக 2022-ல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இருப்பதிலேயே வேகமாக மாறும் இடத்தை "சராசரி" என்று நிரப்பி வைத்திருந்தோம்.

இதற்குக் கொடுத்த விலையும் சின்னதில்லை. 2013 செப்டம்பரில் வந்த ஐபிசிசி அறிக்கை, 1998 முதல் 2012 வரை வெப்பநிலை பத்தாண்டுக்கு 0.05 டிகிரிதான் ஏறியது என்றது. அதே அறிக்கையில் 1951 முதலான போக்கு 0.12. உடனே "வெப்பமாதல் நின்றுவிட்டது" என்று ஒரு பெரிய பேச்சு. பத்திரிகை, நாடாளுமன்றம், தொலைக்காட்சி விவாதம், எல்லா இடத்திலும் ஓடியது.

இரண்டு மாதம் கழித்து, கெவின் கௌட்டன், ராபர்ட் வே என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கௌட்டன் வேதியியல்காரர், படிக அமைப்புகளைக் கணினியில் ஆராய்பவர். வே அப்போது முனைவர் பட்ட மாணவர். காலிக் கட்டங்களை அக்கம்பக்கத்து நிலையங்களையும் செயற்கைக்கோள் அளவுகளையும் வைத்து மதிப்பிட்டு நிரப்பினார்கள். நிரப்பும் முறை சரியா என்று பார்க்க, எண் தெரிந்த இடங்களையே மறைத்துவைத்து, முறை எவ்வளவு கிட்டத்தில் ஊகிக்கிறது என்று சோதித்தார்கள். 1997 முதல் 2012 வரையிலான போக்கு 0.05-லிருந்து சுமார் 0.12 ஆனது. இரண்டரை மடங்கு. இயற்கையான ஏற்ற இறக்கத்துக்கும் அந்த "நின்றுபோன" காலத்தில் பங்கு இருந்தது, அதை மறுக்கவேண்டியதில்லை. ஆனால் நிற்றலில் ஒரு நல்ல பகுதி, வெப்பமானி இல்லாத இடத்தில் நடந்தது.

சரி, அப்போ எல்லாத்தையும் நிரப்பிட்டா போச்சா? அங்கேயும் எனக்குக் கேள்வி இருக்கிறது.

நாசாவின் தொகுப்பு ரொம்ப நாளாகவே நிரப்பித்தான் வந்தது. ஒரு நிலையத்தின் தாக்கம் 1200 கிலோமீட்டர் வரை செல்லும், தூரம் கூடக்கூட அதன் எடை குறையும் என்பது ஹான்சனும் லெபெடெஃபும் 1987-ல் வகுத்த முறை. 1200 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய சென்னையிலிருந்து போபால். கேட்டால் அபத்தமாக இருக்கும். ஆனால் இங்கே பேசுவது இன்று எத்தனை டிகிரி என்பதை அல்ல, வழக்கத்தைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைய என்பதை. அந்த விலகல் நெடுந்தூரம் ஒன்றுபோல இருக்கும் என்பது உண்மைதான். ஆக நிரப்புவது குற்றமில்லை. நிரப்ப எடுக்கும் அந்த ஒற்றை நிலையத்தின் அளவு சுத்தமாக இருக்கிறதா என்பதே கேள்வி. நூறு நிலையம் உள்ள இடத்தில் ஒன்று பழுதானால் தெரியாது. ஒன்றே ஒன்று உள்ள இடத்தில் அது பழுதானால், ஒரு மாநிலம் அளவு பரப்பு பழுதாகும்.

மேற்கு அண்டார்டிகாவின் நடுவில் இருக்கும் பேர்ட் நிலையம் இதற்கு நல்ல உதாரணம். 1957-ல், சர்வதேச புவி இயற்பியல் ஆண்டுக்காக அமெரிக்கா அமைத்தது. முதலில் ஆட்கள் இருந்தார்கள். 1980 முதல் தானியங்கிக் கருவி. ஒரு கம்பம், அதில் வெப்பமானி, காற்றுமானி, மின்கலம், சூரியத் தகடு, செயற்கைக்கோளுக்கு அனுப்ப ஒரு சாதனம், அவ்வளவுதான். துருவத்தின் நீண்ட இரவில் சூரியத் தகட்டால் பயனில்லை, மின்கலம் தீர்ந்தால் நிலையம் ஊமை. விளைவாக அந்த நீண்ட பதிவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு அளவுகள் இல்லை. டேவிட் பிராம்விச்சின் குழு இருந்த அளவுகளைத் திருத்தி, ஓட்டைகளை வளிமண்டல மாதிரியின் உதவியால் அடைத்து, 2013-ல் வெளியிட்ட முடிவு: 1958 முதல் 2010 வரை அங்கே சுமார் 2.4 டிகிரி உயர்வு. மேற்கு அண்டார்டிகப் பனி முழுக்கக் கரைந்தால் கடல் மூன்று மீட்டருக்கும் மேல் உயரும். அந்தப் பனியின் நடுப்பகுதியைப் பற்றிய நம் நீண்டகால அறிவு, மின்கலம் தீர்ந்துபோகும் ஒரு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அதே பகுதியில் ஹாரி என்று இன்னொரு தானியங்கி நிலையம். இந்தக் கம்பங்களுக்குப் பொதுவான தலைவிதி, வருடா வருடம் பனி சேர்ந்து அவை உள்ளே புதைவது. மூன்று மீட்டர் உயரத்தில் இருந்த வெப்பமானி தரைக்கு நெருங்கும், அப்புறம் பனிக்குள்ளேயே போய்விடும். யாராவது விமானத்தில் போய்த் தோண்டி உயர்த்தினால்தான் உண்டு. ஹாரிக்கு அதைவிட மோசமானது நடந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, கடலில் மிதக்கும் ரோஸ் பனித்தட்டின் மேல் இருக்கும் கில் என்ற நிலையத்தின் அளவுகள், தொகுப்பில் ஹாரியின் பெயரில் கலந்துபோயிருந்தன. 2009-ல் அண்டார்டிக வெப்பமாதல் பற்றி ஒரு பெரிய கட்டுரை வந்தபிறகு, அதை விமர்சித்த வலைப்பதிவர்கள் தோண்டியதில்தான் இது வெளியே வந்தது. திருத்தியபின் ஹாரியில் தெரிந்த செங்குத்தான உயர்வு காணாமல் போனது. கட்டுரையின் முக்கிய முடிவு அதனால் சாயவில்லை. மேற்கு அண்டார்டிகா சூடாகிறது என்பதைப் பின்னர் பேர்ட் பதிவும் காட்டியது. ஆனாலும் ஒரு கண்டத்தின் வெப்பநிலை வரலாற்றில் இப்படி ஒரு கோப்புக் குழப்பம் நுழைய முடிந்தது என்றால், காரணம் ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் இன்னொரு நிலையம் இல்லாததுதான்.

ஏன் இல்லை? இங்கேதான் என் முக்கியமான புகார். "கண்காணிப்பு வலையமைப்பு" என்கிறோமே, அது வலையாகவே பின்னப்படவில்லை. பாதை போன இடத்தில் நிலையம் முளைத்தது. சுவீடனின் அபிஸ்கோ ஆய்வு நிலையம், கிருணாவின் இரும்புத்தாதுவைக் கடலுக்குக் கொண்டுபோகப் போட்ட ரயில் பாதையை ஒட்டி வந்தது. அலாஸ்காவின் டூலிக், எண்ணெய்க் குழாய்க்காகப் போட்ட சாலையை ஒட்டி 1975-ல் தொடங்கியது. இரண்டுமே அருமையான நிலையங்கள். ஆனால் 2018-ல் வந்த ஒரு கணக்கெடுப்பு என்ன சொன்னது தெரியுமா? ஆர்க்டிக் கள ஆய்வுகளைப் பிறர் மேற்கோள் காட்டியதில் 31 சதவீதம், இந்த இரண்டு இடங்களுக்கும் 50 கிலோமீட்டருக்குள் நடந்த ஆய்வுகளுக்கே போயிருக்கிறது. வட துருவத் தாவரமும் மண்ணும் எப்படி மாறுகின்றன என்று நாம் நம்புவதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, ஒரு ரயில் பாதையும் ஒரு எண்ணெய்ச் சாலையும் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

காலத்திலும் இதே கதைதான். ஆர்க்டிக்கின் கூடுதல் வெப்பமாதல் இலையுதிர், குளிர்காலங்களில்தான் மிக வலுவாகத் தெரிகிறது. ஆய்வாளர்கள் கூட்டமாகப் போவது கோடையில். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008-ல், ஏற்கெனவே பல நாடுகளின் நிலையங்கள் இருந்த ஸ்வால்பார்டின் நி-ஓலெசுன்டில் திறக்கப்பட்டது. அங்கிருந்து முதல் குளிர்காலக் குழு வேலை தொடங்கியது 2023 டிசம்பரில்தான். கனடாவிலோ, எல்ஸ்மியர் தீவின் யுரேகாவில் இருக்கும் பேர்ல் வளிமண்டல ஆய்வகம் பணம் இல்லாமல் 2012-ல் ஆண்டு முழுக்க இயங்குவதை நிறுத்தியது. அடுத்த வருடம் மறுபடி நிதி வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் போன மாதங்களை எந்த நிதியும் திரும்ப வாங்கித் தராது.

2022-க்குப் பிறகு அரசியலும் சேர்ந்துகொண்டது. உக்ரைன் போரால் ரஷ்ய ஆய்வு நிலையங்களுடன் கூட்டுவேலை அறுந்தது. இதில் ஒன்றைப் பிரித்துப் பார்க்கவேண்டும், செய்திகளில் இது குழம்பிவிட்டது. தினசரி வானிலை அளவுகளை ரஷ்யா உலக வானிலை அமைப்பின் வழியாகப் பகிர்வது நிற்கவில்லை. அறுந்தது மண், தாவரம், உறைநிலம் ஆகியவற்றைப் பார்க்கும் சூழலியல் நிலையங்களோடு இருந்த தொடர்பு. 2024 ஜனவரியில் வந்த ஓர் ஆய்வு, கணக்கில் எடுத்த 60 நிலையங்களில் ரஷ்யாவின் 17-ஐ நீக்கிப் பார்த்தது. சில அளவுகளில் அதனால் வரும் சாய்வு, இந்த நூற்றாண்டு முடிவதற்குள் எதிர்பார்க்கும் மாற்றத்துக்கே சமமாக இருந்தது. அதாவது, தராசின் கோளாறும் நிறுக்கவேண்டிய பொருளும் ஒரே எடை.

செயற்கைக்கோள் போதாதா என்று கேட்கலாம். மேகமும் பனியும் இரண்டும் வெள்ளை, இரண்டும் குளிர். துருவ இரவில் இரண்டையும் பிரிப்பதே பாடு. செயற்கைக்கோள் சொல்வது சரியா என்று பார்க்கவும் தரையில் ஒரு வெப்பமானி வேண்டும்.

1875-லேயே ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி கார்ல் வைப்ரெக்ட் இதை எழுதிவிட்டார். யார் அதிக வடக்கே போனார் என்ற போட்டியால் அறிவியலுக்குப் பயன் குறைவு, பல இடங்களில் ஒரே நேரத்தில், ஒரே முறையில், தொடர்ந்து அளப்பதுதான் தேவை என்றார். அவர் இறந்தபிறகு 1882-ல் முதல் சர்வதேசத் துருவ ஆண்டு நடந்தது. அதன் வடகோடி நிலையங்களில் ஒன்றான லேடி ஃபிராங்க்ளின் விரிகுடாவில் இருந்த அமெரிக்கக் குழுவே, அதே வருடம் அதிக வடக்கே போன சாதனையைச் செய்ய ஆள் அனுப்பியது. விமர்சனத்தைச் செயல்படுத்தப் போன இடத்திலேயே பழைய ஆசை.

அந்த ஆசை இன்னும் போகவில்லை. புது நிலையம் திறந்தால் அமைச்சர் வருவார், புகைப்படம் வரும். புதைந்த கம்பத்தை ஒரு மீட்டர் உயர்த்தப் போகிற தொழில்நுட்பருக்கு யார் மாலை போடப்போகிறார்கள்? ஹேட்கிரட்டின் ஐந்தாம் பதிப்பு இப்போது நிரப்பிய கணக்கையும் நிரப்பாத கணக்கையும் இரண்டாகவே தருகிறது. நல்ல மாற்றம். ஆனால் புள்ளியியலால் செய்யக்கூடியது அவ்வளவுதான். மீதி வேலைக்கு மண்வெட்டியும் மின்கலமும், குளிர்காலத்தில் அங்கே தங்க ஆளும் வேண்டும்.

அடுத்த தடவை ஒரு உலக சராசரி எண் கண்ணில் பட்டால், எத்தனை டிகிரி என்று பார்த்த கையோடு இன்னொன்றையும் பாருங்கள். கடைமடையை யார் அளந்தார்கள்?